தொடுகறி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 நெருங்கும்போது எங்களிடம் ஒரு கேள்வி வரும். கேட்பவர்கள் பகைவர்கள் அல்ல, நல்ல மனம் உள்ளவர்கள்தான். "அம்பேத்கர் விழான்னா மாட்டுக்கறி பிரியாணிதான் போடணுமா? சைவமா ஏதாவது ஆக்கிப் போட்டா மேலத்தெருக்காரங்களும் வந்து உக்காருவாங்கல்லா?" என்று கேட்பார்கள்.

மாட்டுக்கறியை நாங்கள் ஆக்குவோம், உண்போம். அதில் எங்களுக்கு வெட்கம் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்கவும் போவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. எங்கள் படிப்பகத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆக்குகிற ஒரு காய்கறிக் கறியைப் பற்றியது. மஞ்சள் பூசணிக்காய், கருப்பட்டி, புளி, மிளகாய் வத்தல், தேங்காய், அவ்வளவுதான். முட்டைகூடக் கிடையாது. மேலே சொன்ன கேள்வி சரியான கேள்வி என்றால், இந்தக் கறியை ஊரே வந்து சாப்பிட்டிருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் கறியைப் பார்ப்போம்.

எங்கள் படிப்பகம் தாமிரபரணிக் கால்வாய் ஓரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். வார நாட்களில் மாலையில் பிள்ளைகள் படிக்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மாணவர்கள் வந்து அவர்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுப்பார்கள். மதியம் எல்லோருக்கும் சோறு அங்கேயேதான். கடையில் பொட்டலம் வாங்கக் காசு கட்டாது. ஆகவே ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவது என்று வழக்கமாயிற்று. கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடி வளர்ந்த ஊர் எங்களுடையது, இது ஒன்றும் புதிய ஏற்பாடு அல்ல.

திருநெல்வேலிப் பக்கம் சோற்றுக்குத் துணையாக வைக்கிற கறியை வெஞ்சனம் என்பார்கள், தொடுகறி என்றும் சொல்வார்கள். தொட்டுக்கொள்ளும் கறி என்று பொருள். தொட்டால் தீட்டு என்று ஒரு கூட்டத்தை விலக்கி வைத்த ஊர்களில்தான் இந்தச் சொல்லும் புழங்குகிறது. தோழர்கள் இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள்கள் எங்கிருந்து வருகின்றன

20 பேருக்கு ஆக்குவதற்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. பூசணிக்காய் 3 கிலோ, சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு 15 பல், மிளகாய் வத்தல் 12, பெரிய எலுமிச்சம்பழ அளவு புளி, கருப்பட்டி 200 கிராம், தேங்காய் 1, சீரகம் 2 ஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு ஆகியவற்றுக்குக் கணக்கு வேண்டாம், கை அறியும்.

பூசணிக்காய் எங்களுக்கு வயல்காட்டிலிருந்தே வரும். பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் தரையைத் தொட்டு, புன்னைக்காயலில் கடலில் சேர்கிற இந்த ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை வரிசையாக அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களால்தான் இந்தப் பள்ளத்தாக்கு நெல்வயலாக நிற்கிறது. நாற்றுப் பறித்தவர்கள், நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டா யார் பேரில் இருந்தது என்பதும் தெரியும். நிலம் இல்லாத எங்கள் வீடுகளில் பூசணிக்கொடியைக் கூரைமேலும் குப்பைமேட்டிலும் ஏற்றிவிடுவார்கள். அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். ஒரு விதை, கொஞ்சம் சாணம், கழுவிய தண்ணீர் போதும். காய்த்தால் ஒரு காயை நாலு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாம். முற்றிய காய் பல வாரம் கெடாது. ஏழை வீட்டுக்கு ஏற்ற காய் என்று பெயர் எடுத்தது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மஞ்சள் பூசணிக்கு வேறு ஊர்களில் பரங்கிக்காய் என்று பெயர். பறங்கியர் காலத்தில் வந்த காய் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மிளகாயும் அப்படித்தான். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை, 1500-க்கு முன்னால் நம் நாட்டுச் சட்டியில் இவை இரண்டும் இல்லை. கடல் தாண்டி வந்த காயை அடுக்களைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களைத்தான் சேர்க்கவில்லை.

வத்தல் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலிலிருந்து வருகிறது. மழையை மட்டும் நம்பி விளையும் செடி. பழத்தைப் பறித்துக் களத்தில் காயவைக்கும் பெண்களின் கை இரவு முழுவதும் எரியும். உப்பு தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வருகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதிலும் தூத்துக்குடிக்குத்தான் பெரும்பங்கு. வெயிலில் வெள்ளைப் பரப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவர்களும், கால் வெடித்துப் போனவர்களும் எங்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வருகிறது. அது எப்படி ஆகிறது என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பனையேறி ஒரு நாளைக்குப் பல மரம் ஏறி இறங்குவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இருந்தால் பதநீர் புளிக்காது, இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை விடிலியில் வைத்துப் பெண்கள் காய்ச்சுவார்கள். பல மணி நேரம் புகையில் நின்று கிண்டிப் பாகு பதமானதும், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள். கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட உருவம் சிரட்டையால் வந்தது.

அந்தச் சிரட்டையை எங்கள் வீட்டுக் கிழவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். டீக்கடையில் அவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தது சிரட்டையில்தான். குடித்துவிட்டுக் கழுவிக் கூரையில் செருக வேண்டும். பிறகு சிரட்டை போய்த் தனி அலுமினிய டம்ளர் வந்தது. இரட்டைக் குவளை ஒழிப்புப் போராட்டங்கள் நடந்தன. அதற்குப் பிறகு பேப்பர் கப் வந்தது. பேப்பர் கப் வந்ததால் தீண்டாமை போய்விட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கப் என்றால் நல்லதுதான். ஆனால் அது கடைக்காரரின் மனம் மாறியதால் வந்ததா, கழுவுகிற வேலை மிச்சமானதால் வந்ததா என்பதை அந்தக் கடையில் பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பனையேறிய மக்களையும் ஒரு காலத்தில் கோயிலுக்குள் விடவில்லை. கோயில் நுழைவை ஒட்டி 1899-இல் சிவகாசியில் நடந்த கலவரம் வரலாற்றில் இருக்கிறது. படித்து, வணிகம் செய்து, சங்கம் வைத்து, அந்த மக்கள் மேலே வந்தார்கள். ஒடுக்கப்பட்டதன் நினைவு ஒடுக்கப்பட்ட எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் தென்மாவட்டங்களின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆக்கும் முறை

பூசணிக்காயை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் எளிதாக இறங்கினால் பிஞ்சு. அதில் இனிப்பு குறைவு, தோலைச் சீவ வேண்டாம். நகம் இறங்காவிட்டால் முற்றல். தோலைச் சீவிவிட்டு, கருப்பட்டியை 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். விதையைக் கழுவிக் காயவைத்தால் வறுத்துத் தின்னலாம், கொஞ்சம் அடுத்த நடவுக்கும் எடுத்து வைக்கலாம். காயை இரண்டு விரல் அகலத் துண்டாக வெட்டுங்கள். சிறிதாக வெட்டினால் குழைந்து களியாகிவிடும்.

கருப்பட்டியைத் தட்டி, ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி வையுங்கள். அடியில் மணலும் தூசியும் நிற்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், தேரி மணல்தான். புளியையும் கரைத்துத் தனியாக வையுங்கள். தேங்காய்த் துருவல், சீரகம், வத்தலில் பாதி, பூண்டில் ஐந்து பல், இவற்றைக் கொரகொரப்பாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மி, மிக்சி என்றால் இரண்டு சுற்றுப் போதும்.

சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, மிச்ச வத்தல், கறிவேப்பிலை. பிறகு வெங்காயமும் பூண்டும். வெங்காயம் நிறம் மாறியதும் பூசணித்துண்டு, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் அரை டம்ளர் தெளித்தால் போதும், காய் தானே தண்ணீர் விடும். மூடி வைத்து வேகவிடுங்கள்.

இங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது. காய் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் புளிப்பு காயை வேகவிடாது, துண்டு விறைத்துக்கொண்டு நிற்கும். புளி பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு கருப்பட்டிக் கரைசல். அதை முன்னால் ஊற்றினால் அடிப்பிடிக்கும். கடைசியில் தேங்காய் அரைப்பு. கிண்டும்போது அகப்பையை ஓரத்தில் விட்டு அடியிலிருந்து புரட்டுங்கள், நடுவில் குத்தினால் துண்டு உடையும். கறி சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கிவிடலாம். வாயில் வைத்தால் முதலில் கருப்பட்டி இனிப்பு, அடுத்து புளிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் வத்தல் உறைப்பு. இந்த வரிசை வந்தால் கறி சரியாக வந்திருக்கிறது.

எங்களிடம் கிண்டுவதற்கு முறை வைத்திருக்கிறோம். முதல் நாளிலிருந்தே அந்த அட்டவணையில் பையன்கள் பெயரும் உண்டு. "பையனுவ சோறாக்கினா உருப்பட்ட மாதிரிதான்" என்று எங்கள் மதினிமார் சிரித்தார்கள், பிறகு அவர்களே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, பின்னால் அக்காமாரும் அம்மாமாரும் பாத்திரம் கழுவுகிற இயக்கங்கள் நிறைய உண்டு. வெட்டுவது, கிண்டுவது, பரிமாறுவது, கழுவுவது என்று நாலு வேலையையும் எல்லோரும் மாறி மாறிச் செய்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

கறியில் இல்லாத சாதி

இப்போது அந்த ஏப்ரல் 14-க்கு வருவோம். சிலைக்கு மாலை போட்ட பிறகு படிப்பகத்தில் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கறி, அப்பளம் வைத்திருந்தோம். மேலத்தெருவிலிருந்து ஏழெட்டு இளைஞர்கள் வந்தார்கள். எங்களோடு கிரிக்கெட் ஆடுகிறவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டோம். ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். ஒருவருக்கு விரதம். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஆனால் பாட்டில் தண்ணீரையும் பாக்கெட் பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

பிஸ்கட் எந்த ஊர்த் தொழிற்சாலையில் யார் கையில் பிசைந்தது என்று யாரும் கேட்கவில்லை. சீல் பிரிக்காத பொருளுக்குச் சாதி இல்லை, தோல் உரிக்காத பழத்துக்கும் இல்லை. எங்கள் சட்டியில் வெந்த பூசணிக்காய்க்கு மட்டும் இருந்தது. அங்கே மாட்டுக்கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. அப்படியானால் அவர்கள் ஒதுக்கியது எதை?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. காமராசர் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில். பசித்த பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய திட்டம் அது. 67 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள உசிலம்பட்டி என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண். மாவட்ட ஆட்சியர் போனார். அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தத் திட்டத்தின் உணவுப் பட்டியலைப் பாருங்கள்: உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். முழுக்கச் சைவம். அரசு கொடுத்த ரவை, அரசு கொடுத்த பருப்பு. மாறியது சமைத்த கை ஒன்றுதான்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகள் முதலில் செய்தது எதிர்த்தவர்கள்மேல் நடவடிக்கை அல்ல, அந்தப் பெண்ணுக்கு இடமாற்றம். அமைப்புகள் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2021 டிசம்பரில் உத்தரகாண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் சுகிதாங் அரசுப் பள்ளியிலும் இதே கதை. தலித் பெண் சமைத்ததை ஆதிக்க சாதி மாணவர்கள் உண்ண மறுத்தார்கள், அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். அங்கே தலித் மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேறு சாதிப் பெண் சமைத்ததை நாங்களும் சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அந்தப் பெண்ணை மறுபடியும் வேலையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்த மூன்று ஊர்களிலும் சட்டியில் இருந்தது பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. "நீங்கள் மாட்டுக்கறி தின்பதை நிறுத்தினால் நாங்கள் சேர்த்துக்கொள்வோம்" என்ற வாதம் எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எங்கள் உணவை மாற்றச் சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இந்தப் பூசணிக்காய்க் கறிதான். மாற்றிப் பார்த்தாகிவிட்டது. தொடவில்லை.

சேரன்மாதேவியின் பந்தி

தாமிரபரணிக் கரையில் சாப்பாட்டுப் பந்தி தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட கதை ஒன்று உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம். தேசியக் கல்வி கொடுப்போம் என்று சொல்லித் தமிழ்நாடு காங்கிரசிடமிருந்து 5,000 ரூபாய் பெற்ற நிறுவனம். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் சமாதானம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி சமரசம் பேசினார்: அந்த இரண்டு பேர் தனியாக உண்ணட்டும், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்றார். பிரச்சினை அடங்கவில்லை. 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலே, அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இந்த வரலாற்றை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சண்டை பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கோட்டில் நடந்தது. ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று சரியாகவே வாதாடினார்கள். ஆனால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைவித்து அந்தப் பந்திக்கு அரிசி கொடுத்த சேரியின் பிள்ளைகள் எங்கே உட்கார்வார்கள் என்பது அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. இப்போதும் மேலே இருப்பவனோடு சமமாக உட்காரப் போராடுகிறவன், கீழே இருப்பவனுக்கு இலை போடுகிறானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி எங்களுக்கும் பொருந்தும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே, துப்புரவு வேலை செய்யும் அருந்ததியர், துணி வெளுக்கும் புதிரை வண்ணார் வீட்டில் கை நனைக்காதவர்கள் உண்டு. எங்கள் படிப்பகத்துச் சட்டியில் அவர்கள் வீட்டுப் பொருளும் அவர்கள் கையும் சேர வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான்.

சேர்ந்து உண்டால் போதுமா

போதாது. அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சமபந்தி போஜனங்கள் சாதியை ஒழிக்கவில்லை, ரத்தக் கலப்பு ஏற்படுத்தும் சாதி மறுப்புத் திருமணமே மருந்து, அதற்கும் மேலாகச் சாதியைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசு பொது விருந்து வைக்கிறது. அதிகாரிகள் உட்கார்ந்து உண்பதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். மறுநாள் ஊர் அப்படியேதான் இருக்கிறது.

சோற்றைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. 1995 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது வீட்டுச் சாமான்களை நொறுக்கியதோடு குடிநீர்க் கிணற்றையும் நஞ்சாக்கினார்கள் என்று மக்கள் சொன்னார்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்கள் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கினார்கள், 17 பேர் உயிரிழந்தார்கள். ஒரு பச்சைக் குழந்தையும் அதில் உண்டு. நிலம், கூலி, தண்ணீர், உயிர் என்ற வரிசையில் பூசணிக்காய்க் கறிக்கு என்ன இடம் என்று கேட்கலாம்.

எங்கள் பதில் இது. அம்பேத்கர் 1927 மார்ச் 20-இல் மகத் ஊரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. அந்தக் குளத்து நீரைக் குடிக்காமலே நாங்கள் வாழ்ந்தோம், நாங்களும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிறுவவே போகிறோம் என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது. சாப்பாடும் அப்படித்தான். சேர்ந்து உண்பதால் சாதி ஒழியாது. ஆனால் சேர்ந்து உண்ண மறுக்கும் இடத்தில் சாதி தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. "எங்க ஊர்ல அதெல்லாம் இல்ல" என்று சொல்லும் ஊரில், ஒரு சட்டி கறியை வைத்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அந்த ஏப்ரல் 14 அன்று மேலத்தெருவிலிருந்து வந்தவர்களில் ஒருவன் மட்டும் சாப்பிட்டான். ஒன்பதாம் வகுப்புப் பையன், எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிப்பவன். இரண்டு முறை கறி கேட்டு வாங்கினான். அதற்கடுத்த இரண்டு வாரம் அவன் படிப்பகம் பக்கம் வரவில்லை. யார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நாங்கள் விசாரிக்கப் போகவில்லை, அது அவனுக்குத்தான் இடைஞ்சல். மூன்றாவது ஞாயிறு வந்தான். கணக்குப் போட்டான். சோறு போடும் நேரத்தில் எழுந்து போகாமல் ஓரமாக உட்கார்ந்தான். "வீட்ல சொல்லிராதீங்கண்ணே" என்றான். எங்கள் தம்பி ஒருவன் இலையை அவன் முன்னால் இழுத்துப் போட்டு, "ஒங்க வீட்டுக்கு ஏன்ல சொல்லப் போறோம், தின்னு" என்றான்.

தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற மாணவர்களே ஒரு தலித் மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழுவை அரசு அமைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பையன் வீட்டுக்குத் தெரியாமல் எங்களோடு உட்கார்ந்து உண்பதை நாங்கள் வெற்றி என்று கொண்டாடவில்லை. அவன் அதற்காக அஞ்ச வேண்டியிருப்பதுதான் எங்களை உறுத்துகிறது. அவன் வளர்ந்து, இதை வீட்டில் சொல்கிற நாள் வர வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியது

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

விடுதியிலோ பள்ளியிலோ சமைப்பவரின் சாதியைச் சொல்லி உணவை மறுத்தால், அது சின்னத் தகராறு அல்ல. தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. நடந்த நாள், நேரம், சொன்ன சொல், பார்த்தவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றிப் பிரச்சினையை முடிக்க அதிகாரிகள் முயல்வார்கள். அவிநாசியில் அதுதான் நடந்தது. அந்த உத்தரவு வந்த அன்றே எதிர்க்க வேண்டும்.

அதோடு அந்தப் பெண்ணைத் தனியாக விடாதீர்கள். சத்துணவு, காலை உணவு வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம் சொற்பம், வேலை நிரந்தரமும் இல்லை. ஊர் எதிர்த்தால் அவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கிற அக்காவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். யாராவது தொந்தரவு செய்கிறார்களா, பாத்திரத்தைத் தனியாக வைக்கச் சொல்கிறார்களா, தண்ணீர் எடுக்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் அறையில், விடுதியில், படிப்பகத்தில் நீங்களே ஆக்கிப் பகிர்ந்து உண்ணுங்கள். மாட்டுக்கறி ஆக்குங்கள், கருவாடு ஆக்குங்கள், இந்தப் பூசணிக்காய்க் கறியையும் ஆக்குங்கள். எதை ஆக்கினாலும் யார் உட்காரவில்லை என்று கவனியுங்கள், ஏன் என்று நேராகக் கேளுங்கள். கேட்கும்போது கோபம் வேண்டாம், தயக்கமும் வேண்டாம்.

கறி மிஞ்சினால் மறுநாள் பழைய சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளியும் கருப்பட்டியும் ஊறி, முதல் நாளைவிட ருசியாக இருக்கும்.